தொப்பி கழற்றாத இருவர்

ஒரு சனிக்கிழமை மதியம் முர்டோ கெடஸ் அடித்த பந்து, ஆர்ட்கெல்டி கோல்ஃப் திடலின் பதினாலாம் குழிக்கு மேலே, பாய்மர உயரத்தில், காற்றில் நின்றது. நாலு வருடம் இறங்கவில்லை. ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் அதைவிடப் பொல்லாத குழி கிடையாது. இடப்பக்கம் கடல், வலப்பக்கம் ஆளை விழுங்கும் மணல்குழிகள், நடுவில் கொஞ்சூண்டு புல். எதிர்க்காற்றில் அடித்த பந்து அடித்தவன் காலடிக்கே திரும்பி வந்ததை எல்லாரும் பார்த்திருக்கிறோம். நிற்பது மட்டும்தான் புதிது. ஹெரிங் மீன் நன்றாகக் கிடைத்த வருடம் அது. ஊரில் யாருக்கும் இதைப் பேச நேரமில்லை.

எதிரே ஆடியவன் ஃபார்க்கர் ரே, முர்டோவின் மனைவி இஷ்பெலுக்கு அண்ணன். இருவரும் ஒரே படகில் மீன் பிடித்தவர்கள். கடலில் ஒருவன் உயிரை மற்றவன் காப்பாற்றியிருக்கிறான்; கரையில் ஒருவனுக்கு மற்றவன் ஒரு அங்குலம் விட்டுக்கொடுத்ததில்லை. அன்று ஆட்டம் சரிக்குச் சரியாக இருந்தது. பந்து கீழே விழுந்து ஓயும்வரை அடுத்த அடி கிடையாது. பாதியில் திடலை விட்டுப் போனவன் தோற்றவன். முடித்துக்கொள்ளவும் வழி உண்டு. எங்கள் ஊரில் தொப்பியைக் கழற்றிக் கையை நீட்டினால் போதும், நீட்டியவன் தோற்றான், ஆட்டம் முடிந்தது. தொப்பியைக் கழற்றினாலே பாதி தோற்ற மாதிரிதான். இந்தச் சின்னக் காரியத்தைத்தான் இரண்டு கழுதைகளும் செய்யவில்லை.

முர்டோ ஒரு கவிழ்த்த தோணிக்கு அடியில் குடியேறினான். ஃபார்க்கர் கரையொதுங்கிய பலகைகளில் கொட்டகை போட்டான். தொப்பியோடு தூங்கினார்கள். பாதிரியார் வந்து ஜெபம் சொன்னபோதும் கழற்றவில்லை; அவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். படகு துறையில் கிடந்து மட்கியது. மற்றவர்கள் அவர்களைச் சுற்றி ஆடிவிட்டுப் போனார்கள். இஷ்பெல் தினமும் ஒரே வாளியில் பார்லிக் கஞ்சி கொண்டுவந்து, பாதியைப் புருஷனுக்கும் பாதியை அண்ணனுக்கும் ஊற்றினாள். முதல் வருடம் திட்டினாள், மறுவருடம் கெஞ்சினாள், அதற்கடுத்த வருடம் அந்தக் காற்று அவள் நெஞ்சில் இறங்கி இருமலாகத் தங்கிவிட்டது. பிறகு வாளி அரைக்கால் நிறைந்துதான் வந்தது. அதற்குமேல் அவளால் தூக்க முடியவில்லை.

நாலாம் வருடம் மார்ச்சில் அவள் கடைசியாக வந்தாள். குழியில் நட்டிருந்த கொடிக்கம்பைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருமினாள்.

"அந்த வீட்ல தனியாச் சாக எனக்குப் பயமா இருக்கு. ரெண்டு பேர்ல ஒருத்தர் தொப்பியக் கழட்டுங்க."

"நான் இப்பவே வர்றேன். உங்கண்ணன மொதல்ல கழட்டச் சொல்லு," என்றான் முர்டோ.

"பந்து உன் பந்து மாப்ள. நான் ஏன் கழட்டணும்?" என்றான் ஃபார்க்கர்.

"நல்லா இருங்க ரெண்டு பேரும்," என்று அவள் வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கஞ்சியை ஊற்றாமல் போனதை அவர்கள் பிறகுதான் கவனித்தார்கள்.

இரண்டொரு நாளில், பக்கத்து வீட்டுக்காரி ரொட்டி வாங்கப் போயிருந்த நேரத்தில், இஷ்பெல் செத்துப்போனாள். சேதி சொல்லப் போனவன் நான்தான். இருவரும் எழுந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மற்றவன் முதலில் போகட்டும் என்று நின்றார்கள், பிறகு உட்கார்ந்துவிட்டார்கள். எனக்கு இன்றுவரை ஆத்திரம் அடங்கவில்லை.

எங்கள் கல்லறைக்குப் போகும் பாதை பதினாலாம் குழியைக் குறுக்கே கடந்துதான் போகிறது. சவப்பெட்டி கடக்கும்போது ஆடுகிறவர்கள் தொப்பியைக் கழற்றி நிற்பது வழக்கம். யோசிக்க வேண்டியதில்லை, கை தானாகத் தலைக்குப் போகும். இஷ்பெலை நாங்கள் தூக்கிக்கொண்டு வந்தபோது இருவர் கையும் ஒரே சமயத்தில் போனது. நாலு வருடம் வெளிச்சம் படாத மண்டைகள் குழந்தைத் தலை மாதிரி வெளுத்திருந்தன. காற்று ஓய்ந்தது. பந்து விழுந்தது. சவப்பெட்டி மூடியில் டொக்கென்று ஒரு சத்தம்; உருளாமல் அப்படியே நின்றுவிட்டது.

நாங்களும் நின்றோம். பந்து கிடக்கும் இடத்திலிருந்துதான் அடிக்க வேண்டும் என்பது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். கொடி எட்டிப்பிடிக்கும் தூரத்தில் இருந்தது; ஒரு தட்டுத் தட்டினால் பந்து குழிக்குள். முர்டோ மட்டையோடு பெட்டிக்குப் பக்கத்தில் வந்தான். அடித்தாலும் அடிப்பான் பாவி என்றுதான் நினைத்தேன். அவன் மட்டையைக் கீழே போட்டான். பந்தைக் கையால் எடுத்தான். ஃபார்க்கரிடம் மற்றக் கையை நீட்டினான்.

"தோத்துட்டேன் மச்சான்."

ஃபார்க்கர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான். "இத அன்னிக்கே..." என்று ஆரம்பித்தவன், அது தனக்கும்தான் என்று உறைத்து வாயை மூடிக்கொண்டான். இருவரும் பெட்டிக்கு ஆளுக்கொரு பக்கம் தோள் கொடுத்தார்கள்.

அன்று மாலை முர்டோ வீட்டுக்குப் போனான். அடுப்புப் பக்கத்தில் வாளி இருந்தது, கஞ்சி புளித்திருந்தது. பாதியைக் குடித்தான். மீதியை ஃபார்க்கர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தான். அவனும் குடித்தான்.

பதினாலாம் குழியில் இப்போதும் அந்த இடத்தில் பந்து கொஞ்சம் காற்றில் நிற்கும். நாங்கள் தொப்பியைக் கழற்றுவோம், அது விழும், அடுத்த அடியை அடிப்போம்.