லீவு நாள் சட்டை

லீவு நாளில் ஒருத்தன் சட்டையை உள்ளே விட்டு, பெல்ட்டும் போட்டுக்கொண்டு நின்றால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வேலைக்குப் போகிறாயா, தாராளமாக இன் பண்ணு. நானே முதல் ஆளாகப் பண்ணுவேன். லேத் பட்டறையில் இருபத்திரண்டு வருஷமாக நிற்கிறவன் நான். சுற்றுகிற இரும்புக்குத் துணியும் ஒன்றுதான், தோலும் ஒன்றுதான். தொங்குகிற எதையும் இழுத்துச் சுருட்டிக்கொள்ளும். அதனால் இன் பண்ணாமல் மெஷினைத் தொடக்கூடாது என்பது எங்கள் பட்டறையில் சட்டம். ஆனால் தெருமுனைக் கடையில் பால் வாங்க எதற்கு இன்? வெட்டி பந்தா.

என் மனைவியின் தம்பி, பக்கத்து மெஷினில் நின்றவன், இந்த விஷயத்தில் எனக்கு நேர் எதிர். தூங்கும்போது தவிர அவன் சட்டை வெளியே தொங்கி யாரும் பார்த்ததில்லை. முடிவெட்டப் போனாலும் இன், தண்ணீர்க் குழாய் ரிப்பேர் பண்ணினாலும் இன். பட்டறையில் அவனுக்கு 'ஆபீசர்' என்று பெயர். நான் வைத்ததுதான்.

பட்டறையில் மற்ற ஆட்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவசர வேலை என்று முதலாளி கூப்பிட்டால் போவோம். ஆனால் சட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டுதான் போவோம். இன்றைக்கு நான் உன் வேலைக்காரன் இல்லை, உதவிக்கு வந்திருக்கிறேன் என்று அதற்கு அர்த்தம். மெஷினுக்கு ஞாயிறு ஏது, திங்கள் ஏது என்று எங்களில் ஒருத்தனுக்கும் உறைக்கவில்லை. அத்தனை வீம்பு.

போன வருஷம் அப்படி ஒரு ஞாயிறு. பட்டறையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். ஆபீசர் வழக்கம்போல இன் பண்ணிக்கொண்டு வேலையை ஆரம்பித்துவிட்டான். நம்ம மானத்த வாங்காத மாப்ளே என்று சொல்லிக்கொண்டே பின்னால் போய், அவன் சட்டையை உருவி வெளியே விட்டேன். விளையாட்டுக்குத்தான். அவன் கையெல்லாம் ஆயில். திரும்ப உள்ளே விட்டால் சட்டை பாழாகிவிடும் என்று அப்படியே விட்டுவிட்டான். கால் மணி நேரம் கழித்து நான் டீ போட உள்ளே போயிருந்தபோது அந்தச் சத்தம் கேட்டது. அதற்கு மேல் என்னால் சொல்ல முடியாது.

விசாரணையில், அவனேதான் சட்டையை வெளியே விட்டிருந்தான் என்று சொன்னேன். மனைவியிடமும் அதையேதான் சொன்னேன். போதாததற்கு, நான் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை என்று இன்னொரு பொய்யையும் சேர்த்துக்கொண்டேன். வாய் கூசவில்லை பாருங்கள்.

தாய் இல்லாத தம்பியை அவள்தான் வளர்த்தாள். அவன் போனதற்கு அவள் அழவில்லை, அவன்மேல் கோபப்பட்டாள். சோறு போடும்போதும், துணி மடிக்கும்போதும், சொன்ன பேச்சு கேட்காத கழுதை என்று செத்தவனை வைதுகொண்டே இருந்தாள். நான் உண்மையைச் சொன்னால் அந்தக் கோபம் அவனை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பும். அதோடு அவள் எனக்கு இல்லாமல் போய்விடுவாள். அந்தப் பயத்தில் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டேன்.

மூன்று மாதத்துக்கு முன்னால் அது ஆரம்பித்தது. ஞாயிறு காலை, கட்டம் போட்ட சட்டையை வெளியே விட்டுக்கொண்டு பால் வாங்கப் போனேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்து, என்ன சார், லீவு நாள்லயும் இன்னெல்லாம் பலமா இருக்கே என்றார். குனிந்து பார்த்தேன். சட்டை உள்ளே இருந்தது. இரண்டு விலாப் பக்கமும் ஒவ்வொரு மடிப்பு எடுத்து, பின்னால் தள்ளி, ஒரு சுருக்கம் இல்லாமல் செருகியிருந்தது.

ஏதோ ஞாபக மறதி என்று உருவி வெளியே விட்டேன். திரும்பி வரும் வழியில் இடுப்பில் எதுவோ ஊர்ந்தது. இரண்டு விரல்கள். முதுகுப் பக்கம் தொடங்கி, பெல்ட் ஓரமாகத் துணியைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளிக்கொண்டே முன்னால் வந்தன. பட்டப்பகல். எதிரே ஆட்கள் பேசிக்கொண்டு போகிறார்கள். எனக்குப் பின்னால் ஒரு ஈ காக்கா இல்லை. பால் பாக்கெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வேகமாக நடந்தேன்.

அடுத்தடுத்த ஞாயிறும் அதே கதை. டி-ஷர்ட் போட்டுப் பார்த்தேன், அதையும் விடவில்லை. வேலை நாட்களில் மட்டும் ஒன்றும் நடக்காது. நானே இன் பண்ணிக்கொள்வதால் அந்த விரல்களுக்கு அன்றைக்கு வேலை இல்லை போலிருக்கிறது.

கடைசியில் பெரிய புத்திசாலி மாதிரி ஒரு காரியம் செய்தேன். நாலு சட்டையை டெய்லரிடம் கொடுத்து, இடுப்போடு வெட்டி மடித்துத் தைக்கச் சொன்னேன். உள்ளே விட நீளமே இல்லையென்றால் என்ன பண்ணும்? டெய்லர் கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, கையைத் தூக்கினால் தொப்புள் தெரியுமே, பரவாயில்லையா என்று கேட்டார். உங்கள் வேலையைப் பாருங்கள் என்று எரிந்து விழுந்தேன்.

போன ஞாயிறு அதில் ஒன்றைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினேன். நாலு வீடு தாண்டவில்லை, விரல்கள் வந்துவிட்டன. துணி எட்டவில்லை என்று தெரிந்தும் நிற்கவில்லை. பிடித்துக் கீழே இழுத்தன. தோள் அழுந்தியது. முதுகு பின்னால் வளைந்தது. காலர் தொண்டையை இறுக்க, மேல் பட்டன் தெறித்து ஓடியது. இப்படித்தான் அவனுக்கும் இருந்திருக்கும் என்று தோன்றியது. ஆனால் அந்த விரல்களில் கோபமே இல்லை. நேரமாகிவிட்ட பிள்ளைக்கு உடுத்திவிடுகிற மாதிரி, பொறுமையாக, விடாமல் இழுத்துச் செருகின. அந்தப் பொறுமையைத்தான் தாங்க முடியவில்லை. அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

மூச்சு வாங்க வீட்டுக்குள் ஓடி வந்தேன். துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி எழுந்து வந்து, யாரோடு சண்டை என்று என்னைத் திருப்பி நிறுத்திப் பார்த்தாள். அவள் கை என் விலாவில் இருந்த மடிப்பில் நின்றது.

"இது யாரு பண்ணி விட்டது?"

நான்தான் என்றேன்.

"பொய் சொல்லாதீங்க. இந்த மடிப்பு உங்களுக்கு வராது. அவன் ஸ்கூல் படிக்கிறப்ப ரெண்டு சைஸ் பெருசாதான் சட்டை வாங்குவேன். தொளதொளன்னு தெரியக்கூடாதுன்னு நான்தான் இப்படி மடிச்சு விடுவேன். எனக்கும் அவனுக்கும் தவிர வேற யாருக்கும் இது தெரியாதுங்க."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எல்லாவற்றையும் கொட்டினேன். நான் பின்னால் போய் நின்றது, உருவியது, அவன் கையில் ஆயில் இருந்தது, விசாரணையில் சொன்னது, அவளிடம் சொன்னது. பாதி மடித்த துண்டைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. முடிந்ததும் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"நீங்க உருவுனப்ப அவன் என்ன சொன்னான்?"

அதை மட்டும் நான் யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடமும்தான் சொல்லாமல் தாண்டி வந்தேன்.

"'வேணாம் மாமா, அக்காவுக்குத் தெரிஞ்சா திட்டுவா'ன்னான்."

அவள் துண்டைக் கீழே வைத்தாள்.

"ஒரு வருஷமா அவனத்தானே திட்டிக்கிட்டு இருக்கேன்," என்றாள். அதை என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுவாள் என்று நினைத்தேன். பேச ஆரம்பித்தாள். தணிந்த குரல், சமாதானப்படுத்துகிற குரல். இரண்டு வார்த்தை பேசுவாள், எதிரே இருப்பவர் சொல்லி முடிக்கட்டும் என்பதுபோல நிறுத்துவாள், பிறகு உம் கொட்டுவாள். கொஞ்ச நேரத்தில் சிரித்தாள். கல்யாணமான புதிதில் கேட்ட சிரிப்பு. அவள் போன் என் எதிரே மேஜைமேல்தான் கிடந்தது.

பொறுக்க முடியாமல் கதவைத் தட்டினேன். உள்ளே பேச்சு சட்டென்று நின்றது.

"யாரு?" என்று கேட்டாள்.

எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.