ஜூனிக்கும் எனக்கும் இடுப்பில்

அந்தச் சட்டம் வந்த வருஷம் எங்கள் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் அடுத்தவர் இடுப்பைப் பார்க்கப் பழகிக்கொண்டோம். மாநிலத்தில் உள்ள ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும், முதல் மணியிலிருந்து கடைசிப் பேருந்து கிளம்பும்வரை, துப்பாக்கியோடு ஒருவர் இருந்தே ஆகவேண்டும். போலீஸ்காரர் கிடைக்காவிட்டால் பயிற்சி எடுத்த ஆசிரியர் ஒருவர் வைத்துக்கொள்ளலாம். அது யார் என்று வெளியே சொன்னால் குற்றம். பருத்திக்காட்டுக்கு நடுவில் எண்பத்தாறு பிள்ளைகள் படிக்கிற ஓரின் பள்ளிக்கு எந்தப் போலீஸ்காரர் வரப்போகிறார்?

கோடை விடுமுறையில் தலைமையாசிரியர் கர்டிஸ் என்னைக் கூப்பிட்டார்.

"ஆள் காட்டலேன்னா பள்ளிக்கூடத்த மூடிட்டு, பிள்ளைங்கள நாப்பது மைல் தள்ளி அனுப்பிருவாங்க, டார்லா. நீ உங்கப்பாகூட மான் வேட்டைக்குப் போனவதானே?"

"மானுக்கு நான் ஏ, பி, சி சொல்லிக் குடுக்கலையே, கர்டிஸ்."

வாய்தான் பேசியது. விடிவதற்கு முன்னால் ஐந்து வயதுப் பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றி நாற்பது மைல் அனுப்புவதை நினைத்ததும் தலையாட்டிவிட்டேன்.

நான் மழலையர் வகுப்பு டீச்சர், இருபத்திரண்டு வருஷமாக. என் வகுப்புக் கதவில் மூன்று படங்கள் ஒட்டியிருக்கும்: கை குலுக்குவது, உள்ளங்கையில் தட்டுவது, கட்டிப்பிடிப்பது. காலையில் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு படத்தைத் தொடும். எதைத் தொடுகிறதோ அப்படித்தான் அதை உள்ளே வரவேற்பேன். முக்கால்வாசிப் பேர் கட்டிப்பிடிப்பதைத்தான் தொடுவார்கள். ஐந்து வயதுப் பிள்ளை கட்டிப்பிடித்தால் தலை சரியாக என் இடுப்புக்கு வரும். எண்பது மணி நேரப் பயிற்சியில் இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. ஆகஸ்டில் மூன்றாவது படத்தைக் கதவிலிருந்து எடுத்துவிட்டேன். சளிக்காய்ச்சல் பரவுது என்று ஒரு புளுகு.

அதற்கப்புறம் எனக்கு உட்கார்ந்தால் ஆகாது, நின்றாலும் ஆகாது. கம்பளத்தில் அமர்ந்து கதை சொன்னால் துப்பாக்கி விலாவில் குத்தும். சட்டை விலகியதா என்று மணிக்குப் பத்து தடவை தடவிப் பார்ப்பேன். சாப்பாட்டு அறையில் சமையல்காரி பெர்னீஸ் யாரிடம் துப்பாக்கி என்று துப்பு துலக்குவாள்.

"கர்டிஸா மட்டும் இருக்கக்கூடாதும்மா. அந்த மனுசனுக்கு ஸ்டேப்ளரே பிடிக்கத் தெரியாது."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே சட்டையை இழுத்துவிடுவேன்.

அக்டோபரில் ஜூனி புதிதாகச் சேர்ந்தாள். சர்க்கரை நோய். இடுப்பில் இன்சுலின் பம்ப், சின்னப் பெட்டி மாதிரி. நீ ரோபோவா என்று பிள்ளைகள் கேட்டதிலிருந்து ஸ்வெட்டரை முழங்கால் வரைக்கும் இழுத்து அதை மறைப்பாள். ஒருநாள் நான் பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து வந்து கட்டிக்கொண்டாள். சுடுதண்ணீர் பட்டதுபோல் துள்ளினேன். அதற்குள் அவள் கன்னம் அதன்மேல் இடித்துவிட்டது.

"மிஸ்... உங்களுக்கும் இருக்கா?"

"என்னது?"

ஸ்வெட்டரைத் தூக்கிக் காட்டினாள். "பம்ப்!"

இல்லை என்றால் பின்னே என்ன என்பாள். "ஆமா" என்றேன். "யார்கிட்டயும் சொல்லக்கூடாது, சரியா?"

மறுநாளிலிருந்து அவள் ஸ்வெட்டர் கீழே இறங்கவே இல்லை. யாருக்காவது பிறந்தநாள் என்றால் கேக்கைத் தள்ளிவைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடிப்பாள். நானும் தின்னாமல் தள்ளிவைப்பேன்.

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை ஒலிபெருக்கி சொன்னது: "கதவுகளைப் பூட்டுங்கள்." எப்போதும் கர்டிஸ் முதலில் 'இது பயிற்சி' என்று இரண்டு தடவை சொல்லுவார். அன்று சொல்லவில்லை. விளக்கை அணைத்தேன். கதவைப் பூட்டினேன். பன்னிரண்டு பிள்ளைகளும் மூலையில் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்கள். நடைவழியில் காலடிச் சத்தம். எங்கள் கதவின் கைப்பிடி ஆடியது.

உறையின் பட்டனை எடுத்துவிட்டேன். பாதி உருவிவிட்டேன். வியர்வை கண்ணில் இறங்கியது. கை என் பேச்சைக் கேட்கவில்லை.

அப்போது கதவுக்கும் எனக்கும் நடுவில் ஏதோ வந்து நின்றது. ஜூனி. நீட்டிய கையில் ஜூஸ் டப்பா, உறிஞ்சுகுழாய் குத்தித் தயாராக.

"உங்களுக்கு வேர்க்குது. கை நடுங்குது" என்று காதோடு காதாகச் சொன்னாள். "சர்க்கரை குறைஞ்சிருச்சு மிஸ். சீக்கிரம் குடிங்க."

அவள் நெற்றிக்கு நேராக இருந்தது என் கை. துப்பாக்கியை உள்ளே தள்ளினேன். ஜூஸை வாங்கிக் குடித்தேன். அவள் கடைசிச் சொட்டு வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். கைப்பிடி மறுபடி ஆடியது.

"நல்லாப் பூட்டியிருக்கு, டார்லா" என்றார் வெளியே கர்டிஸ். "பயிற்சி முடிஞ்சுது."

கடைசிப் பேருந்து போனதும் துப்பாக்கியைக் கழற்றி அவர் மேசைமேல் வைத்தேன்.

"பயிற்சிங்கிற அந்த ஒரு வார்த்த விட்டுப்போச்சு, மன்னிச்சிரு" என்றார். முகம் வெளிறியிருந்தது. "வேற ஆள் காட்ட முப்பது நாள்தான் தருவாங்க. வேற யாரு இருக்கா சொல்லு?"

"தெரியல. நான் இல்ல."

"பள்ளிக்கூடம் போயிரும் டார்லா."

"தெரியும்." சொல்லும்போது அழுதேன். இருபத்திரண்டு வருஷத்தில் அந்த அறையில் நான் அழுதது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலையில் மூன்றாவது படத்தைக் கதவில் மறுபடி ஒட்டினேன். வரிசையில் ஜூனிதான் முதல் ஆள். படத்தைத் தொட்டுவிட்டு ஓடிவந்து கட்டிக்கொண்டாள். அவள் கை என் இடுப்பைச் சுற்றித் தேடியது.

"எங்க மிஸ்?"

"எடுத்தாச்சு கண்ணு. இனிமே வேண்டாம்."

அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. "சரியாப் போச்சா உங்களுக்கு?" என்றாள். ஸ்வெட்டரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னை அண்ணாந்து பார்த்தாள்.

"எனக்கு எப்ப எடுப்பாங்க?"