ஈரம் காயாத பிளாஸ்டிக்

வான்மதிக்குக் கோபம் தலைக்கேறியது. தரச் சோதனையில் உதவாது என்று நேற்று அவள் கழித்த நாற்பது பெட்டிகளும் மில்பிடாஸ் தொழிற்சாலை வாசலில் லாரி ஏறக் காத்திருந்தன. சரக்கு சரியாக இருக்கிறது, அனுப்பலாம் என்ற தாளில் கணினிக் கையெழுத்தாக அவள் பெயரே இருந்தது.

பெட்டிகளில் இருந்தவை, நோயாளிக்கு மருந்து ஏற்றும் குழாய்களை இணைக்கிற சின்னஞ்சிறு மூட்டுகள். அரிசி போலிருக்கும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக் மணிகளை உருக்கி அச்சில் வார்ப்பதற்கு முன் நாலு மணி நேரம் சூட்டில் உலர்த்த வேண்டும். அவசரம் என்று ஒரு மணி நேரத்திலேயே அள்ளிக் கொட்டியிருந்தார்கள். ஈரத்தோடு உருக்கினால் அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் துண்டு துண்டாகிவிடும். பார்வைக்குப் பளபளவென்றுதான் இருக்கும், திருகினால் உடையும். இது தெரியாத ஆளா நஞ்சுண்டன்? இருபது வருஷமாக இதே வேலையில் குப்பை கொட்டும் மேலாளர்!

போன வருஷம் அப்பா தவறியபோது பெருந்துறைக்கு ஓடிய அவசரத்தில், ஊர்க்காரர்தானே என்று தன் பாஸ்வேர்டை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனாள். திரும்பி வந்தும் மாற்றவில்லை. அந்தப் புத்திகெட்டதனத்துக்குத் தன்னைத்தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

தாளோடு அவர் அறைக்குப் போய்க் கேட்டாள். அவர் மழுப்பக்கூட இல்லை. கஸ்டமர் நெருக்குகிறான், ஆயிரத்தில் ஒன்று உடைந்தால் என்ன என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அம்மிணி, உன்ற கிரீன் கார்டு ஃபைல் என் டேபிள்லதான் இருக்குது. பாத்துக்க."

எட்டு வருஷக் காத்திருப்பு. அந்த ஃபைல் நின்றுபோனால், இங்கேயே பிறந்து வளர்ந்த மகன் கவினையும் கூட்டிக்கொண்டு மூட்டை கட்ட வேண்டியதுதான். ஆனாலும் தன் பெயரை எடுத்து இந்த வேலைக்குப் பயன்படுத்திவிட்டாரே என்ற ஆத்திரம் அந்தப் பயத்தையும் மிஞ்சியது.

கையோடு கொண்டுவந்த ஒரு குழாய் மூட்டினை அவர் கண்ணெதிரே திருகினாள். இரண்டாகப் போயிற்று. துண்டுகளை மேஜைமேல் போட்டாள். தாளில் தன் பெயரை அடித்துவிட்டுப் பேனாவை நீட்டினாள்.

"அவ்வளவு நல்ல சரக்குன்னா, உங்க பேர்ல கையெழுத்துப் போடுங்ண்ணா."

நஞ்சுண்டன் பேனாவைப் பார்த்தார். வெளியே லாரிக்காரன் ஹாரன் அடித்தான். அவர் கை மேஜைக்கு அடியிலேயே இருந்தது.

வான்மதி, அனுப்பக் கூடாத சரக்குக்கு ஒட்டும் சிவப்பு ஸ்டிக்கர் கட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். நாற்பது பெட்டியிலும் ஒட்டி, ஒவ்வொன்றிலும் தேதி போட்டுக் கையெழுத்திட்டாள். இந்தக் கையெழுத்தை அவளே போட்டாள்.