தடுப்புக்கு இந்தப் பக்கம்

பாயின் இரண்டு முனைகளையும் இழுத்து இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்து, நார்க்கயிற்றால் ஒரு இறுக்கு இறுக்கினாள் தெலேசியா அத்தை. கலோலைனுக்கு மூச்சு முட்டியது. பழம்பாய். ஓரமெல்லாம் கிழிந்து தொங்கியது, முன்பக்கம் மார்புக்கு மேலே எழும்பி நின்றது. டோங்காக்காரர்களின் சாவு வீட்டில் பெரிய பாயும் கிழிந்த பாயும் பெற்ற பிள்ளைக்குத்தான். அத்தை கட்டியிருந்தது மெல்லிய, நேர்த்தியான பாய். செத்துப்போன இசிலேலிக்கு அவள் அக்கா. தகப்பனோடு பிறந்தவள் வைத்ததுதான் அங்கே சட்டம். போதகரே அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஜெபத்தை ஆரம்பிப்பார்.

"அசையாம நில்லுடி. அம்மாம் பெரிய பஸ்ஸ ஓட்டுற, ஒரு பாயத் தாங்க மாட்டியா?"

பாய்க்கு அடியில் எங்கேயோ போன் அடித்தது. அத்தை கையை உள்ளே விட்டுத் துழாவி, பாவாடைப் பையிலிருந்து அதை எடுத்துக் கொடுத்தாள்.

"கலோ, நான் ஜோஸ்லின் பேசறேன். இந்த நேரத்துல தொந்தரவு பண்றேன், மன்னிச்சுக்கோ. எப்படியிருக்கே?"

"அப்பாவ இன்னைக்கு அடக்கம் பண்றோம்."

"தெரியும், தெரியும். அதுக்காகத்தான் கூப்பிட்டேன். நீங்க கார்வுட் தெரு வழியா சர்ச்சுக்கு வரப்போறதா போதகர் சொன்னார். இன்னைக்குத் திருவிழாவோட கடைசி சனிக்கிழமை. பத்து மணிக்கு மேல எந்த வண்டியையும் உள்ள விடறதில்ல, உனக்கே தெரியுமே. பின்சந்த உங்களுக்காகவே ஒழிச்சு வெச்சிருக்கோம். அமைதியா இருக்கும்."

"குப்பைத்தொட்டி நிக்கிற சந்தா?"

"தொட்டியெல்லாம் ஓரமாத் தள்ளியாச்சு."

ஜோஸ்லின் குரலைத் தாழ்த்தினாள்.

"அங்கிள் இஸ்ஸி இருந்திருந்தா, திருவிழா நிக்கக்கூடாதுன்னுதான் சொல்லியிருப்பார், கலோ."

போனைக் காதிலிருந்து எடுத்து அதையே கொஞ்ச நேரம் வெறித்துப் பார்த்தாள் கலோலைன். செத்தவன் என்ன சொல்லியிருப்பான் என்று சொல்ல எத்தனை பேர்தான் கிளம்பி வருவார்கள்! இருந்த காலத்தில் அவர் பெயரை ஒரு தடவையாவது முழுசாகச் சொல்லியிருப்பாளா இவள்?

கார்வுட் தெருவில் திருவிழா என்ற ஒன்று வருவதற்குப் பதினைந்து வருஷம் முன்பே இசிலேலியின் வண்டிக்கடை அங்கே வந்துவிட்டது. சனிக்கிழமைதோறும் தேவாலயத்துக்கு எதிரே நிற்கும். சேம்பிலையில் உப்பிட்ட மாட்டிறைச்சியையும் தேங்காய்ப்பாலையும் பொதிந்து அவித்த லூ. ஆக்லாந்தில் வேலை முடிந்து வருகிற டோங்காக்காரன், சமோவாக்காரன் எல்லாம் அங்கேதான் சாப்பிடுவான். பிறகு தெருவில் வீடுகள் கைமாறின. காப்பிக் கடைகள் வந்தன, கமிட்டி வந்தது, அதை நடத்த ஜோஸ்லின் வந்தாள், அங்கே கோடையான ஜனவரியில் மூன்று சனிக்கிழமை வண்டிக்கடைத் திருவிழா வந்தது. முதல் வருஷம் இசிலேலிக்கு நடுத்தெருவில் இடம். அடுத்த வருஷம் கொஞ்சம் தள்ளி. இந்த வருஷம் கழிப்பறைகளை ஒட்டி.

கலோலைன் கோபத்தில் குதித்தாள். அவர்தான் சிரித்தார். "போ போ. வர்றவன் எல்லாம் என்னைக்காவது இங்க வந்துதானே ஆகணும்?"

போன சனிக்கிழமை பன்னிரண்டரை மணிக்கு, அடுப்புக்கும் ஜன்னலுக்கும் நடுவில் அவர் சரிந்தார். வெளியே இருபது பேர் வரிசையில் நின்றார்கள். உள்ளே உதவிக்கு நின்ற கலோலைன் ஆம்புலன்ஸுக்கு போன் போட்டாள். மூச்சு இருந்தது, இழுத்து இழுத்து வந்தது. "தலையத் தூக்கிப் பிடிங்க!" என்று வரிசையில் ஒரு பெண் கத்தினாள்.

அங்கேதான் கலோலைனின் கை ஒரு கணம் நின்றது. டோங்காக்காரர்களில் பிள்ளைகள் தகப்பன் தலையைத் தொடக்கூடாது. அவர் குடித்த மிச்சத்தைக் குடிக்கக்கூடாது, அவர் தலையில் கை வைக்கக்கூடாது. முப்பத்தொரு வயதுவரை அவள் தொட்டதில்லை. தொட்டாள். தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். தலைமுடி வேர்வையில் நனைந்திருந்தது, இவ்வளவு மெல்லிய முடியா என்று அந்த நேரத்திலும் தோன்றியது.

ஜோஸ்லின் ஓடி வந்தாள், குறை சொல்லக்கூடாது. வண்டிக்குள் ஏறிக் குனிந்து, "அங்கிள் இஸ்ஸி, கேக்குதா?" என்றாள். அவள் கழுத்திலிருந்து தொங்கிய மஞ்சள் நாடா, அட்டையும் விசிலும் இன்னும் ஏதேதோ கோத்த நாடா, அப்பாவின் முகத்துக்கு மேலே இப்படியும் அப்படியும் ஆடியது. இடுப்பில் இருந்த வாக்கி டாக்கி கரகரவென்று கத்திக்கொண்டே இருந்தது. நோயாளிக்குத் தொந்தரவாக இருக்கும் என்று அதன் சத்தத்தைக் குறைத்தாள். பிறகு வெளியே தலையை நீட்டி, "தயவுசெஞ்சு அடுத்த வண்டிகளுக்குப் போங்க, எல்லாமே நல்லா இருக்கும்" என்று வரிசையைக் கலைத்தாள்.

சைரன் நெருங்கி வந்தது. தெருமுனையில் நின்றது. வந்துவிட்டார்கள், இனிப் பயமில்லை என்று கலோலைன் நினைத்தாள். அதற்குப் பிறகு எட்டு நிமிஷம் யாரும் வரவில்லை.

தெருமுனையில் இரும்புத் தடுப்பு பூட்டிக் கிடந்தது. காவலாளியிடம் சாவி இல்லை. மறுமுனையில் மேடை. பின்சந்து முழுக்கச் சரக்கு வேன்கள். சாவி இதோ வருகிறது, அதோ வருகிறது என்று நின்று பார்த்துவிட்டு, ஆம்புலன்ஸ்காரர்கள் பையையும் படுக்கையையும் தூக்கிக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து ஓடிவந்தார்கள். அவர்கள் வண்டியில் கால் வைத்தபோது இழுப்பு நின்றிருந்தது.

கமிட்டியிலிருந்து பூங்கொத்தும் கடிதமும் வந்தன. 'சாவி இருக்குமிடம் அச்சமயம் உடனடியாகத் தெரியாமல் போனது எங்களுக்கு ஆழ்ந்த வருத்தத்தை அளிக்கிறது.' சாவிக்குக் கால் முளைத்துவிட்டது போல!

"யாருடி போன்ல?" என்றாள் அத்தை.

"ஜோஸ்லின். தெரு வழியா வரக்கூடாதாம். பின்னால குப்பைத்தொட்டிச் சந்து வழியா வரணுமாம்."

அத்தை பாயின் முடிச்சை இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தாள்.

"ஆம்புலன்ஸ் நின்ன அதே தடுப்புதானா?"

"அதேதான் அத்தை."

"சரி. தெரு வழியாவே போவோம்."

*

சவ வண்டி தெருமுனையில் திரும்பியதும் கலோலைன் தடுப்பைப் பார்த்தாள். தடுப்பின் மேலேயே அப்பாவின் படத்தைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். ஆளுயரப் படம், கையில் கரண்டி, வாயெல்லாம் சிரிப்பு. 'எங்கள் அங்கிள் இஸ்ஸியின் நினைவாக இந்தக் கோடைத் திருவிழா.' படம் உள்ளே போகலாம், ஆள் போகக்கூடாது!

தடுப்புக்கு முன்னால் பச்சை மேல்சட்டை போட்ட காவலாளி நின்றான். சாமிசோனி, நாற்பத்தைந்து வயதிருக்கும், அவனும் டோங்காக்காரன்தான். போன சனிக்கிழமையும் அவன்தான் நின்றான். சவ வண்டியைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டான்.

கலோலைன் இறங்கிப் போனாள். பாய் தெருவைக் கூட்டிக்கொண்டு பின்னால் வந்தது.

"திறந்து விடுங்கண்ணே."

"சாவி எங்கிட்டக் குடுக்கறதில்ல தங்கச்சி. ஆஃபீஸ்லதான் கேக்கணும்." அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "அன்னைக்கும் கேட்டேன். நாலு தரம் கூப்பிட்டேன் இதுல." வாக்கி டாக்கியைத் தட்டினான். "ஆம்புலன்ஸ் நிக்குது, சாவி, சாவின்னு கத்துறேன். பதிலே இல்ல. சாமி சத்தியமா கூப்பிட்டேன்."

"இப்பவும் கூப்பிடுங்க."

கூப்பிட்டான். பின்சந்து வழியாக அனுப்பச் சொல்லி உடனே பதில் வந்தது. இதற்கு மட்டும் உடனே வந்தது.

அதற்குள் தெலேசியா அத்தை வண்டியிலிருந்து இறங்கியிருந்தாள். எழுபத்திரண்டு வயது, முட்டி வலி, நாலு பேர் உட்காரும் இடத்தில் ஒருத்தியாக உட்காருகிற உடம்பு. இன்னொரு தம்பியின் மகன்களைப் பார்த்து, "பெட்டிய எறக்குங்கடா" என்றாள்.

"இங்கேயா அத்தை?"

"இங்கதான். பாய விரிங்க."

நடுத்தெருவில் பாய் விரித்தார்கள். தடுப்புக்கு இந்தப் பக்கம், தார் இளகிக்கொண்டிருந்த வெயிலில், பெட்டியை இறக்கி வைத்தார்கள். அத்தை தலைமாட்டில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பின்னால் வந்த பதினோரு கார்களும் ஒன்றின் பின் ஒன்றாக நின்றன. கறுப்பு உடையும் பாயுமாக நூறு பேருக்கு மேல் இறங்கி வந்து தெருவில் உட்கார்ந்தார்கள். யாரும் கத்தவில்லை. அத்தை முதல் அடியை எடுத்துக் கொடுத்தாள். பாட்டு எழும்பியது.

டோங்காக்காரர்கள் பாடினால் கூரை இருந்தால் கூரை அதிரும். இங்கே கூரை இல்லை, பாட்டு நேராகத் தெருவுக்குள் போனது. உள்ளே மேடையில் யாரோ கிடார் வாசித்துக்கொண்டிருந்தான், நிறுத்திவிட்டான். காகிதத்தட்டும் கையுமாக ஆட்கள் தடுப்பு ஓரம் வந்து நின்றார்கள். ஒருத்தன் வாயில் வைத்ததை மெல்லவும் முடியாமல் துப்பவும் முடியாமல் விழித்தான்.

சாமிசோனி இங்கேயும் அங்கேயும் பார்த்தான். பிறகு பச்சை மேல்சட்டையைக் கழற்றி மடித்துத் தடுப்பின் மேல் வைத்தான். பெரியவர்கள் முன்னாலும் பெட்டி முன்னாலும் நிற்பது அவர்களிடம் மரியாதை இல்லை. அப்படியே தார்ச்சாலையில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டான்.

பிள்ளைகள் இருக்கவேண்டிய இடம் கால்மாடு. அங்கே உட்கார்ந்திருந்த கலோலைனை அத்தை விரலை அசைத்துக் கூப்பிட்டாள். முழங்காலால் நகர்ந்து போனாள்.

"விழுந்தப்ப அவன் தலைய யாரு பிடிச்சா?"

ஒரு வாரமாக அவளைத் தின்றுகொண்டிருந்தது அதுதான். யாரிடமும் சொல்லவில்லை.

"நான்தான் அத்தை."

"ரொம்ப நேரமா?"

"அவங்க வர்ற வரைக்கும்."

அத்தை பெட்டியின் மேல் கையை வைத்தபடியே இருந்தாள். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை.

"என் இடம் அது. நான் இல்லாதப்ப எனக்குப் பதிலா நீ இருந்தே. எவளாவது ஏதாவது சொன்னா, அத்தைதான் பிடிக்கச் சொன்னாங்கன்னு சொல்லு. போ, போய் உக்காரு."

நாலாவது பாட்டில் ஜோஸ்லின் வந்தாள். வெயிலில் முகம் சிவந்திருந்தது. தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று, சிரிப்பதா அழுவதா என்று தெரியாத ஒரு முகத்தோடு கலோலைனைத் தேடினாள்.

"கலோ, உங்க துக்கம் எனக்குப் புரியுது. ஆனா நடுத்தெருவுல... எல்லாரும் போன்ல படம் எடுக்கறாங்க. பின்சந்துல எல்லா ஏற்பாடும் பண்ணி வெச்சிருக்கோம்."

கலோலைன் வாயைத் திறப்பதற்குள் அத்தை கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இந்தாம்மா. இந்தத் தடுப்பு எதுக்கு?"

"பாதுகாப்புக்கு. உள்ள வண்டி வந்தா ஜனங்களுக்கு ஆபத்து. எல்லாருக்கும் ஒரே விதிதான்."

"ஆமா. ஆம்புலன்ஸ் வந்துச்சு, உங்க விதிய மதிச்சு இங்கேயே நின்னுச்சு. என் தம்பி செத்தான். நாங்க மதிக்கப் போறதில்ல. அவ்வளவுதான்." முட்டியைத் தடவிக்கொண்டாள். "எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல. எங்க சாவுல மூணு நாள்கூடப் பாடுவோம். நீ போய் உன் வேலயப் பாரு."

ஐந்தாவது பாட்டு ஆரம்பித்தது. தடுப்பு ஓரம் நின்ற கூட்டத்தில் யாரோ, "திறந்து விடுங்களேன், அநியாயமா இருக்கே" என்றார்கள். இன்னொரு குரல், "அவர் கையால சாப்பிட்டிருக்கோம்யா" என்றது. ஜோஸ்லின் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தாள், மேலே தூக்கியிருந்த போன்களைப் பார்த்தாள்.

"சரி. அஞ்சு நிமிஷம். மெதுவா போகணும்."

ஆஃபீஸுக்கு ஆள் அனுப்புவாள், இன்னும் அரைமணி நேரம் ஆகும் என்று கலோலைன் நினைத்தாள். ஜோஸ்லின் எங்கும் ஆள் அனுப்பவில்லை. குனிந்தாள். கழுத்திலிருந்து மஞ்சள் நாடா தொங்கியது. அட்டை, விசில், அதன் கீழே ஒரு சின்னச் சாவி. நாடாவைக் கழற்றாமலே சாவியைப் பூட்டில் விட்டாள்.

கலோலைனுக்கு எண்ணுகிற பழக்கம் உண்டு. பஸ்ஸில் வயதானவர்கள் ஏறினால், அவர்கள் உட்காரும்வரை மனசுக்குள் எண்ணிவிட்டுத்தான் வண்டியை நகர்த்துவாள். எண்ண வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. ஒன்று, இரண்டு. பூட்டு திறந்தது. நான்கு, ஐந்து. சங்கிலி விழுந்தது. தடுப்பு அப்பாவின் படத்தையும் தூக்கிக்கொண்டு ஓரமாகச் சுழன்றது.

ஒன்பது நொடி.

பெட்டியை வண்டியில் ஏற்றவில்லை. தம்பி மகன்கள் தோளில் தூக்கிக்கொண்டார்கள். அத்தை முன்னால் நடந்தாள். தெருவின் இரண்டு பக்கமும் கடைக்காரர்கள் வண்டிகளை விட்டு இறங்கி நின்றார்கள். அடுப்பில் எதுவோ கருகுகிற வாசனை வந்தது. யாரும் போய்த் திருப்பிப் போடவில்லை.

ஜோஸ்லின் தடுப்பைப் பிடித்தபடி மரியாதையாகத் தலையைக் குனிந்து நின்றாள். கலோலைன் அவள் எதிரே வந்ததும் நின்றுவிட்டாள். பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். கலோலைன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. போன சனிக்கிழமை அப்பாவின் முகத்துக்கு மேலே ஆடியது போலவே, நாடாவின் நுனியில் சாவி இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருந்தது. அதையே பார்த்தாள்.

ஜோஸ்லின் நிமிர்ந்தாள். கலோலைன் எதைப் பார்க்கிறாள் என்று குனிந்து தானும் பார்த்தாள். முகத்திலிருந்த சிவப்பு வடிந்துகொண்டே போனது. பிறகு அவள் கை மெதுவாக மேலே வந்து, சாவியை எடுத்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டது.