இறக்கத்தில் இன்ஜினை நிறுத்துகிறவர்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை முழுசாக என்னுடையதில்லை. பாதி கேட்டது, மீதி பயந்தது.

1998 மழைக்காலத்தில், பங்காருப்பேட்டையிலிருந்து தங்கவயலுக்கு வரும் ரயிலில், என் எதிரில் ஃபேக்டரி ஆட்கள் இருவர் பேசிக்கொண்டு வந்தார்கள். ஒருவன் சொன்னான்:

"எங்க மாமா டிராக்டருக்கு பவர் ஸ்டீரிங் போட்டுக் குட்த்தேன்டா. ஒரு வெரல்ல திருப்புறாரு. ஆனா ஒண்ணு, அவராண்ட நேரா சொல்ல வேண்டியத சொல்லாம வந்துட்டேன்."

"இன்னாத்த?"

ரயில் ஊரிகத்தில் நின்றது. இருவரும் இறங்கிவிட்டார்கள்.

எனக்கு டிராக்டர் பைத்தியம். அடுத்த ஸ்டேஷன் வருவதற்குள் அவன் எதைச் சொல்லாமல் விட்டான் என்று புரிந்துபோயிற்று. அவர்கள் பெயர்கூட எனக்குத் தெரியாது. பெயர் வைத்தால் பயம் கொஞ்சம் அடங்கும் என்று நினைத்து எழுத ஆரம்பித்தேன். அடங்கவில்லை.

2

முதல் தொடக்கம்: ராஜப்பா சுரங்கத்திலிருந்து மேலே வந்தபோது அவருடைய வலது தோள்

[வெட்டு. தோளில் பாறை விழுந்ததிலிருந்து ஆரம்பித்தால் கதை சுரங்கத்துக்குள் இறக்கும் கேஜில் ஏறிக் கீழே போய்விடும். எனக்கு வேண்டியது மேலே இருக்கும் ஓர் இறக்கம்.]

இரண்டாவது தொடக்கம்: பவர் ஸ்டீரிங் என்பது யாதெனில்

[இதைப் படிக்க நானே மாட்டேன்.]

மூன்றாவது: பாக்கியவதி. ராஜப்பாவின் பெண்டாட்டி. பயப்படப் போகிறவள் அவள்தான், அவள் பக்கத்திலேயே நின்றுகொள்கிறேன்.

3

ஞாயிற்றுக்கிழமை காலை ஊரிகத்தில் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டு வாசலில் அந்தச் சின்ன டிராக்டர் முன்சக்கரம் இரண்டையும் தூக்கிக்கொண்டு கல்மேல் நின்றது. பழைய வண்டி. சுரங்க வேலையை விட்டு வந்ததும் ராஜப்பா வாங்கியது. மைசூர் மைன்ஸ் பக்கத்து போர்வெல்லில் டேங்கரை நிரப்பிக்கொண்டு, ஓர் இறக்கத்தின் வழியாக வந்து லைன்களில் தண்ணீர் விடுவார். ஆனால் திருகிப்போன தோளை வைத்துக்கொண்டு அந்த ஸ்டீரிங்கை ஒடிப்பது வேதனை. ராத்திரி புரண்டு படுக்கும்போதெல்லாம் முனகினார். அதைக் கேட்க முடியாமல்தான் பாக்கியவதி தன் தம்பி விநாயக்கைக் கூப்பிட்டாள். ஃபேக்டரியில் பெரிய பெரிய மண்வாரி வண்டிகளுக்கு எண்ணெய்க் குழாய் மாட்டுகிறவன். அவன் பவர் ஸ்டீரிங் கிட்டோடு வந்தான்.

வண்டிக்கு அடியிலிருந்து அவன் குரல் வந்தது. "மாமா, ஸ்வல்ப தள்ளுங்க. எண்ண சிந்துது."

"சிந்தட்டும்டா. என் வண்டிய அக்கு அக்கா கயட்டிட்டியே, திருப்பி மாட்டத் தெரியுமா, இல்ல ஆயுத பூஜைக்குத்தான் ஆவுமா?"

"உங்க தோள கயட்டி மாட்டத்தான் தெரியாது மாமா. மத்ததெல்லாம் தெரியும்."

"பாத்தியாம்மே உன் தம்பிக்கு வாய!"

பாக்கியவதி சிரித்தாள். [இந்தச் சிரிப்பை வைத்திருக்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். இருக்கட்டும். இனிமேல் அவளுக்குச் சிரிக்க அதிகம் கிடைக்காது.]

விநாயக் பழைய ஸ்டீரிங் பெட்டியைக் கழற்றினான். அதிலிருந்து முன்சக்கரத்துக்குப் போன இரும்புத் தண்டையும் உருவிச் சுவரோரம் சாய்த்தான். அந்த இடத்தில் இப்போது ஒரு வால்வு, முன் அச்சில் ஒரு சிலிண்டர், நடுவில் இரண்டு ரப்பர் குழாய்கள். இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் ஒரு பம்ப், எண்ணெயை அழுத்திக் கொடுக்கும். மாலையில் ராஜப்பா உட்கார்ந்து ஆள்காட்டி விரலால் ஸ்டீரிங்கைத் தொட்டார். சக்கரம் திரும்பியது. மறுபடி தொட்டார். மறுபடி திரும்பியது. அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் விநாயக் கையைத் துடைக்கிற துணியைத் தேடினான்.

4

சமையலறையில் அக்காவின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு அவன் கேட்டான்.

"அக்கா, மாமா இறக்கத்துல இன்ஜின ஆஃப் பண்ணிட்டு உருட்டுவாரா?"

"முன்ன பண்ணுவாரு, டீசல் மிச்சம்னு. நான் சண்ட போட்டேன், வுட்டுட்டாரு. ஏன்டா?"

"இன்ஜின் நின்னா பம்ப் நிக்கும்க்கா. ஸ்டீரிங் கட்ட மாதிரி ஆயிடும். நல்ல தோள் ரெண்டு இருக்கறவனே முக்கித்தான் திருப்பணும். மாமாவால ஆவாது. நீ சொல்லிடு."

"நீயே சொல்லேன், வாசல்லதான கீறாரு."

"நானா? அவருக்கு வண்டி ஓட்ட நான் கத்துத் தர்றதா? நல்லாருக்குமா?"

[இந்த இடத்தில் விநாயக்மேல் எனக்குக் கோபம். நான்கு முறை மாற்றி எழுதினேன், நான்கு முறையும் அவன் வாசலுக்குப் போகவில்லை. தோழனாக இருந்தால் போயிருப்பான். அக்கா புருஷன். அவரை வைத்துக் கிண்டல் பண்ணலாம், புத்தி சொல்லக் கூடாது. பண்டிகைக்குச் சொந்தக்காரர் வீட்டில் கூடும்போது நாம் எல்லோரும் அப்படித்தானே?]

பாக்கியவதி சொன்னாளா? சொன்னாள். மறுநாள் காலையில், அவர் செருப்பு மாட்டும்போது. "தம்பி சொன்னான், இன்ஜினை நிறுத்தாதீங்க" என்றுதான் நாக்குவரை வந்தது. ஆனால் அவர் முகம் புதுத்துணி உடுத்திய பிள்ளையுடையதுபோல இருந்தது. பொழுது விடிந்ததும் தம்பி பெயரைச் சொன்னால் "உன் தம்பிதான் எனக்கு வாத்தியாரா?" என்பார். இறக்கத்தில் நிறுத்துவதைத்தான் விட்டுவிட்டாரே, எதற்கு வம்பு?

"இறக்கத்துல பாத்துப் போங்க" என்றாள்.

"சர்தாம்மே" என்றார். தினமும் சொல்வதற்குத் தினமும் சொல்லும் பதில்.

எச்சரிக்கை கைமாறிவிட்டது. ஆனால் வரும் வழியில் அதிலிருந்த எலும்பு கழன்று விழுந்துவிட்டது.

5

பக்கத்து வீட்டு லூயிசா குடத்தோடு வந்து படியில் உட்கார்ந்தாள்.

"வண்டி எப்ப வரும் பாக்கியம்?"

"இப்பதான போயிருக்காரு. சத்தம் கேக்கும், வெய்ட் பண்ணு."

"சத்தமா? உன் ஊட்டுக்காரரு எங்க சத்தத்தோட வர்றாரு! பூன மாதிரி வந்து பின்னாடி நிக்கிறாரு. அன்னிக்கு நான் பயந்து குடத்தயே போட்டுட்டேன். கேட்டா, 'மேல இருந்தே ஆஃப் பண்ணிட்டேன் லூயிசா, பாக்கியத்துகிட்ட சொல்லாத'ன்றாரு."

பாக்கியவதியின் கையிலிருந்த பாத்திரம் கீழே விழவில்லை. [விழுந்ததாக எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். நிஜமான பயத்தில் கை இன்னும் இறுக்கித்தான் பிடிக்கும்.] பாத்திரத்தோடேயே எழுந்தாள். பாத்திரத்தோடேயே தெருவில் இறங்கி ஓடினாள்.

"ஏ, எங்க போற? பாக்கியம்!"

6

அவள் ஓடிக்கொண்டிருக்கட்டும். எனக்கு முடிவு வேண்டும்.

முடிவு அ: பேட்டரி இறங்கிவிட்டது, வண்டி அன்று கிளம்பவே இல்லை. இதை எழுதிவிட்டு நன்றாகத் தூங்கினேன். காலையில் படித்தபோது வெட்கமாக இருந்தது.

முடிவு ஆ: விரலால் ஓட்டுகிற சந்தோஷத்தில் அவர் இன்ஜினை நிறுத்த மறந்துவிடுகிறார். இது நடக்கக்கூடியதுதான். ஆனால் பத்து வருஷப் பழக்கம் கையில் இருக்கிறது, மனசில் இல்லை. மறப்பதென்றால் கைதான் மறக்க வேண்டும்.

முடிவு இ: நிரம்பிய டேங்கர் பின்னாலிருந்து தள்ள, நடு இறக்கத்தின் வளைவில், மழை அறுத்த பள்ளத்தின் பக்கமாக

[இல்லை. பிரேக் இருக்கிறதே என்பீர்கள். அவ்வளவு தண்ணீர் முதுகில் ஏறி உட்காரும்போது அந்தச் சின்ன வண்டியின் பிரேக் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் மீதியைக் கிழித்துப் போட்டேன்.]

7

வளைவுக்கு அவள் வந்து சேர்ந்தபோது மேலே டிராக்டர் தெரிந்தது. இறங்க ஆரம்பித்துவிட்டது. இன்ஜின் படபடவென்று ஓடிக்கொண்டுதான் இருந்தது. வழக்கமாக நிறுத்தும் இடம் இன்னும் வரவில்லை போல.

"நிறுத்தாதீங்க! இன்ஜின நிறுத்தாதீங்க!"

பாத்திரத்தைத் தலைக்கு மேலே ஆட்டினாள். தொண்டை கிழியக் கத்தினாள். ராஜப்பா அவளைப் பார்த்தார். சிரித்தார். ஒரு விரலைத் தூக்கிக் காட்டி, அதே விரலால் ஸ்டீரிங்கைத் திருப்பிக் காட்டினார்.

"ஆஃப் பண்ணாதீங்க!"

அவர் காதுக்குப் பின்னால் கையை வைத்து, தலையைச் சாய்த்தார். "இன்னா?" என்று வாய் அசைந்தது. கேட்கவில்லை. இன்ஜின் சத்தத்தில் எப்படிக் கேட்கும்? அப்புறம் அவர் இடது கை கீழே போனது. இன்ஜினை நிறுத்த இழுக்கும் குமிழ் அங்கேதான் இருக்கிறது.

பாக்கியவதிக்கு அப்போதுதான் விளங்கியது. அவள் சொல்வதைக் கேட்கத்தான் அவர் இன்ஜினை நிறுத்தப் போகிறார்.

வாயை மூடிக்கொண்டாள்.

பாத்திரத்தை இறக்கி இடுப்பில் வைத்தாள். ஒன்றுமில்லை, சும்மாதான் வந்தேன் என்பதுபோல் தலையை ஆட்டினாள். சேலையை இழுத்து விட்டுக்கொண்டாள். பிறகு, உடம்பில் இருந்த பலத்தையெல்லாம் கூட்டி, அவரைப் பார்த்துச் சிரித்தாள். வாங்க, அப்படியே வாங்க என்று கையசைத்தாள்.

அவர் கை குமிழின்மேல் இருக்கிறது. இழுக்கவுமில்லை, எடுக்கவுமில்லை. இன்ஜின் ஓடுகிறது.

இதற்குமேல் நான் ஒரு வார்த்தை எழுதினாலும், என்ன சொல்கிறாய் என்று அவர் என்னிடமும் கேட்பார். அதனால் உங்களை அவள் பக்கத்தில் நிறுத்திவிட்டு விலகிக்கொள்கிறேன். வண்டி வருகிறது. உங்களுக்குக் கத்த வேண்டும்போல இருக்கும். கத்தாதீர்கள். அவளைப்போலச் சிரியுங்கள்.