போல்ட் போடாத கார்டு

மகளுக்கு விபத்து என்று போன் வந்ததும், நெற்றியில் ஏற்றிவிட்ட வெல்டிங் கண்ணாடியைக்கூடக் கழற்றாமல் பட்டறைக்காரர் ஓடினார் என்பது உண்மைதான். ஆனால் அவர் முதலில் போய்ப் பார்த்தது மகளை அல்ல. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில்தான் விபத்து நடந்த வளைவு இருந்தது. மகளின் கார் ஓரமாக நின்றது. ஒரே நிமிஷம் என்று இறங்கி, அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து, பம்பர் மேல் தடுப்பாகத் தாம் செய்து மாட்டிய கம்பிக் கார்டை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடவிப் பார்த்தார். ஒரு வெல்டிங்கூட விட்டிருக்கவில்லை.

"அசையல பாத்தியா," என்று கூட வந்த மனைவியிடம் சொன்னார்.

அந்த அம்மாள் பார்த்த பார்வையில் இரும்பே உருகியிருக்கும். அவர் மட்டும் உருகவில்லை. மண்டைக்குள் அன்று மூளை இருக்க வேண்டிய இடத்தில் இரண்டரை அங்குலப் பைப்புதான் இருந்தது என்று பின்னால் அவரே சொல்லிக்கொண்டார்.

மகள் மாட்டு டாக்டர். கன்று குறுக்கே மாட்டிக்கொண்டு ஒரு பசு தவிக்கிறது என்று தகவல் வந்து, காலையில் காப்பிகூடக் குடிக்காமல் கிளம்பியவள். வளைவில் புதருக்குள்ளிருந்து வேறொரு மாடு ரோட்டில் பாய்ந்துவிட்டது. கார்டு அதன் காலை வாரிவிட, மாடு பானெட் மேல் புரண்டு முன்கண்ணாடியில் வந்து விழுந்தது. ஏர்பேக் திறக்கவே இல்லை. வலது காறை எலும்பு முறிந்து, தோளும் நகர்ந்து, நரம்பு இழுபட்டதில் விரல்களும் மரத்துவிட்டன. கை பழையபடி வருமா என்பதை மூன்று மாதம் கழித்துத்தான் சொல்ல முடியும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பசுவின் வயிற்றுக்குள் தோள் வரை கையை விட்டுக் கன்றைத் திருப்புகிறவளுக்கு அந்தக் கைதான் பிழைப்பு.

இதில் கொடுமை என்னவென்றால், பட்டறைக்காரருக்கு அந்த வாரம் முழுக்கப் பாராட்டு மழை. வண்டியைப் பார்த்தவர்களெல்லாம் கார்டு இருந்ததால்தான் பெண் உயிரோடு இருக்கிறாள் என்று பேசிக்கொண்டார்கள். அதே மாதிரி தனக்கும் வேண்டும் என்று இரண்டு பேர் பட்டறைக்கே வந்துவிட்டார்கள். அவரும் வெட்கமில்லாமல் அளவெடுத்துக்கொண்டார். கார்டு செய்து முடித்ததும் அதன் மேல் ஏறி நின்று மூன்று முறை குதித்துக் காட்டுவது அவர் வழக்கம். பதினெட்டு வருஷமாக அவர் செய்த சோதனை அது ஒன்றுதான். எண்பது கிலோ ஆள் மெதுவாக ஏறிக் குதிப்பதும், வேகமாகப் போகிற வண்டியில் மாடு வந்து மோதுவதும் ஒன்றல்ல என்பது அவருக்கு ஒரு நாளும் உறைக்கவில்லை. பேச்சு மட்டும் குறையாது. மோதினால் மாடுதான் யோசிக்க வேண்டும் என்பார்.

இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து வந்த ஆள் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, இதை யார் மாட்டியது என்று கேட்டார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நான்தான் என்றார் இவர். எல்லோருக்கும் போல்ட் போட்டுத்தான் மாட்டுவார். மகள் வண்டி ஆயிற்றே, போல்ட் என்றைக்காவது தளர்ந்துவிட்டால் என்ன செய்வது என்று, வண்டியின் அடிச்சட்டமான சேசிஸோடு சேர்த்து இரண்டு பக்கமும் வெல்டிங் வைத்துவிட்டிருந்தார். வந்தவர் கோபப்படாமல் பொறுமையாக விளக்கினார். மெதுவாகப் போகும்போது சின்னப் பிராணி ஏதாவது தட்டினால் கார்டு விளக்கையும் ரேடியேட்டரையும் காப்பாற்றும். வேகத்தில் பெரிய மாடு மோதினால் கதை வேறு. வண்டியின் முன்பக்கம் நசுங்கி அடியை வாங்கிக்கொள்ள வேண்டும். நசுங்க விடாமல் கட்டிவைத்தால் அடி உள்ளே இருக்கிற ஆளுக்குப் போகும். ஏர்பேக் திறக்காததற்கும் இது காரணமாக இருக்கலாம், சோதித்துப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்.

மற்ற எந்த அப்பனும் தன் பெண்ணுக்கு இவ்வளவு அக்கறையாகக் குழி தோண்டியிருக்க மாட்டான் என்று அவருக்குத் தோன்றியது. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் மகள், கையைக் கழுத்திலிருந்து தொங்கும் தூளியில் போட்டுக்கொண்டு சோபாவில் சாய்ந்திருந்தவள், புது வண்டி வந்ததும் இதே மாதிரி கார்டு போட்டுத் தரச் சொன்னாள்.

"நீ போட்டது இல்லன்னா நான் போய்ச் சேர்ந்திருப்பேன்ப்பா," என்றாள்.

தலையை ஆட்டிவிட்டுப் போயிருந்தால் ஆயுசுக்கும் அவர்தான் உயிர் காத்த அப்பா. அந்த ஆசை அவருக்கு இருந்தது, இல்லாமலில்லை. ஆனால் அந்தத் தூளியைப் பார்த்துக்கொண்டே பொய் சொல்ல வாய் வரவில்லை. போல்ட், வெல்டிங், ஏர்பேக், மகளைப் பார்க்கும் முன்பே கார்டைத் தடவப் போனது எல்லாவற்றையும் தலைகீழாகக் கொட்டினார். மகள் சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இதுவரைக்கும் எத்தனை பேருக்குப்பா போட்டிருப்ப?"

"முந்நூறு இருக்கும்."

"அவங்ககிட்டயும் சொல்லணும்ல?"

சொல்லத்தான் வேண்டும். முதன்முதலாகக் கார்டு போட்டது மச்சானுக்கு, மனைவியின் அண்ணனுக்கு; பிறகு அவர் வாங்கிய புது வண்டிக்கும் இவரே போட்டார். எந்த விஷயத்திலும் இவர் அவரிடம் தப்பை ஒப்புக்கொண்டதே கிடையாது. மச்சான் ஏதாவது குறை சொன்னால், படிக்கிற பேப்பரைத் தூக்கிப்போட்டுவிட்டு எழுந்து போய்விடுவதுதான் இவர் பழக்கம். மகள் இடது கையால் போனை நீட்டினாள். வாங்கி, அவர் எண்ணைத் தட்டி, மச்சான், உங்க வண்டியில இருக்கிற கார்டைக் கழட்டிடுங்க, அது ஆபத்து என்று ஆரம்பித்தார்.

அந்தப் பக்கம் மச்சான் டிவி சத்தத்தைக் குறைத்தார்.

"அதை நான் நாலு வருஷம் முன்னாடியே கழட்டிட்டேன் மாப்ளே. ஏர்பேக் இருக்கற வண்டிக்கு அது ஆகாதுன்னு ஷோரூம்ல சொன்னாங்க. அதான் உங்க வீட்டுக்கு பஸ்லயே வர்றேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல மச்சான்?"

"உங்ககிட்ட யாரு சொல்றது? சொன்னா ஆறு மாசம் பேச மாட்டீங்க. அப்புறம் என் தங்கச்சி வீட்டுக்கு நான் எப்படி வர்றது?"

போனில் பேசியது வெளியே கேட்டிருந்தது. மகள் தூளியிலிருந்த கையின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுண்டுவிரல் மட்டும் இன்னும் மடங்கவில்லை.