ரெண்டாவது உருண்டை

எனக்குப் பொறுமை கம்மி. சௌந்திரத்தைக் கட்டிக்கப் போறவனுக்கு ரெண்டு காதும் பஞ்சு வெச்சு அடைச்சிருக்கோணும்னு எங்கம்மாவே சொல்லுவாங்க. அப்பேர்ப்பட்ட நான் அந்த ஞாயித்துக்கிழமை கதவிடுக்குல கண்ணை வெச்சுக்கிட்டு மூச்சுக் காட்டாம நின்னேன். கூடத்துல ராசிபுரத்துக் கைலாசம் உக்காந்திருந்தார்.

செர்மனிக்குப் போய்ச் சாயப் படிப்புப் படிச்சுட்டு வந்தவர். கொமாரபாளையத்துல நூலுக்குச் சாயம் போடற எங்கப்பா நாச்சிமுத்துவுக்கு இதைவிடத் தோதான மாப்பிள்ளை வேற எங்க கெடைக்கும். ஒரே ஒரு காரியந்தான் பாக்கி. எங்க சனம் சைவம். கப்பலேறிப் போனவன் வந்தா பெரியவங்க நடுவுல உக்காத்தி, வாயில கறி பட்டுதான்னு கேப்பாங்க. தெரியாமப் பட்டுதுன்னா எதிர்க்கரை பவானியில, கூடுதுறையில முழுகித் திருநீறு பூசினாத் தீந்துது. தெரிஞ்சு தின்னவனுக்குப் பொண்ணு கெடையாது.

கேக்கறவர் எங்க குமாரசாமிப் பெரியப்பா. அவருக்குக் கறி விசாரணையைவிட ஊர்க்கதை மேல ஆசை.

"லீவுல தனியா ஊரூராச் சுத்துனியாமே சாமி. என்னென்ன பாத்தே?"

"பவேரியாங்கற சீமையைச் சுத்துனனுங்க. மொதல்ல ஆக்ஸ்பர்க். அங்க நெசவுக்காரங்க கூடறதுக்குன்னே அந்தக் காலத்துல ஒரு கட்டடம் கட்டியிருக்காங்க. வெளிச்சுவரெல்லாம் சித்திரம். அதுக்கு முன்னாடி நின்னுட்டே இருந்தனுங்க. நம்மூர்லயும் தறி இருக்குது, ஆளும் இருக்குது, நமக்கு ஏன் இப்படி ஒண்ணு தோணலைன்னு இருந்துச்சு."

அப்பா தலையை ஆட்டினார். எனக்கு அந்தக் கொரலு புடிச்சுப்போச்சு. பெருமையடிக்காம, நேத்து சந்தைக்குப் போய்ட்டு வந்தவன் சொல்றாப்பல சொன்னார்.

அடுத்து மூனிக். அங்க பெரிய பெரிய மரத்தடியில பெஞ்சு போட்டு, குடும்பங் குடும்பமா உக்காந்து, வெள்ளை முள்ளங்கியைச் சுருள் சுருளாச் சீவி உப்புத் தடவி வெச்சுக்குவாங்களாம். முள்ளங்கி தண்ணி விட்டதும் "அழுதுருச்சு"ன்னு சொல்லிச் சிரிச்சுக்கிட்டே தின்பாங்களாம். கூட என்ன குடிச்சாங்கன்னு நல்லவேளை யாரும் கேக்கலை. நியூரம்பர்க்ல இஞ்சியும் கிராம்பும் தேனும் போட்ட ஒரு ரொட்டியாம். கடைக்குள்ள நுழைஞ்சதும் அந்த வாசத்துல அவங்கம்மா நெனப்பு வந்து, வாங்கினதைத் தின்ன முடியாமப் பையில வெச்சுக்கிட்டே திரிஞ்சாராம்.

"கறி படாம எப்படிச் சமாளிச்சே?" பெரியப்பா மெதுவா விசயத்துக்கு வந்தார்.

"ரொட்டியும் உருளைக்கிழங்கு உருண்டையுந்தானுங்க. நம்மூர்க் களி உருண்டையாட்டம் பெருசா இருக்கும். ரோத்தன்பர்க்னு ஒரு ஊருங்க. ஊரைச் சுத்திக் கோட்டைச்சுவர், சுவர் மேலயே கூரை போட்ட நடைபாதை. பகலெல்லாம் அதுல சுத்தினேன். எறங்கறப்ப நல்ல மழை. நனைஞ்சு, பசியில கண்ணு இருட்டிப் போய் ஒரு சாப்பாட்டுக் கடையில நுழைஞ்சேன். கடைக்கார அம்மா என் தலையைத் துவட்டத் துணி குடுத்துட்டு, சூடா ரசமாட்டம் ஒண்ணுல ஒரு உருண்டையைப் போட்டுக் கொண்டாந்து வெச்சாங்க. கிழங்கு உருண்டைன்னுதான் தின்னேனுங்க. பாதியில தெரிஞ்சுபோச்சு. ஈரல்."

கதவுக்குப் பின்னால என் பக்கத்துல நின்ன எங்கம்மா முத்தாயம்மா என் கையை நெறிச்சுப் புடிச்சாங்க.

"ஆட்டீரலா, மாட்டீரலா?"

"கேக்கலீங்க. கேட்டாச் சொல்லீருவாங்கன்னு பயந்து கேக்கலீங்க."

பெரியப்பா மடக்குனு தண்ணி குடிச்சார். அவருக்கும் இந்தக் கல்யாணம் நடக்கோணும். "செரி, தெரியாமப் பட்டதுதானே சாமி. கூடுதுறைக்கு நாள் பாத்தரலாம். தாம்பாளத்தைக் கொண்டாரச் சொல்லுங்க" அப்படின்னார். நான் தாம்பாளத்தை எடுத்துட்டேன்.

"மொத உருண்டை தெரியாமத்தானுங்க" அப்படின்னார் கைலாசம். "அந்தம்மா இன்னொண்ணு போடட்டான்னு கேட்டாங்க. செரின்னேன். ரெண்டாவது தெரிஞ்சேதான் தின்னேனுங்க."

கையில தாம்பாளத்தோட அப்படியே நின்னேன். கேக்காத கேள்விக்கு எவனாச்சும் பதில் சொல்லுவானா? கோவமா வந்துச்சு. கூடவே, கட்டினா இந்த மனுசனைத்தான் கட்டோணும்னு ஆயிருச்சு.

ராசிபுரத்துக்காரங்க தலையைக் குனிஞ்சுட்டுப் போனாங்க. "ஒரு வார்த்தை மழுப்பியிருந்தா முடிஞ்சிருக்கும்" அப்படின்னு அப்பா கூடத்துல குறுக்கும் நெடுக்கும் நடந்தார்.

"அப்ப மழுப்பத் தெரிஞ்சவனாப் பாத்துக் கொண்டாங்க" அப்படின்னேன். "ஆனா எவன் வந்தாலும் இதே கூடத்துல, இதே கேள்வியைக் கேக்கோணும். கேக்காமத் தாம்பாளம் வெளிய வராது."

"உள்ளூர்ல இருக்கறவனை எதுக்குடி கேக்கோணும்?" அப்படின்னு அம்மா தலையில அடிச்சுக்கிட்டாங்க. நான் எறங்கி வரலை.

அப்பா வாராவாரம் செவ்வாய்க்கெழமை சாயப்பொடி வாங்கச் சேலம் போவார். மத்த நாளெல்லாம் வெத்தலையைத் தொடமாட்டார். சேலம் போய் வர்ற அன்னிக்கு மட்டும் வாய் செவந்திருக்கும், ஏலக்கா வாசம் தூக்கும். "டவுனுக்குப் போனா உங்கப்பா மைனராயிடறாரு" அப்படின்னு அம்மா சிரிப்பாங்க. அந்தச் சமயத்துலதான் சென்னிமலைங்கற பையனைப் பத்திப் பேச்சு வந்துச்சு. சேலத்துல சொந்தமா நூல்கடை. தரகர் கொண்டாந்த சம்பந்தம். பேரைக் கேட்டதும் அப்பா இழுத்தார், பெரியப்பாதான் விடலை.

சென்னிமலை வந்தான். மல்லு சட்டை, கையில மோதிரம். பெரியப்பா எனக்காகக் கூச்சப்பட்டுக்கிட்டே கேள்வியைக் கேட்டார்.

"முட்டை வாசமே எனக்கு ஆகாதுங்க" அப்படின்னான் அவன். "வேணும்னா மாமாவையே கேளுங்க. செவ்வாய்க்கெழமையானா மத்தியானம் சேலத்துல என்னைப் பாக்கறவருதானே." சொல்லிட்டு எங்கப்பாவைப் பாத்து லேசாச் சிரிச்சான்.

அப்பா பாயிலிருந்து ஒரு கோரையைப் பிச்சுக்கிட்டிருந்தார். "நல்ல பையன்தான்" அப்படின்னார். தலை நிமிரலை. பெரியப்பா தாம்பாளத்தைக் கொண்டாரச் சொன்னார். நான் அதைத் திரும்பப் பரண்ல வெச்சுட்டேன். அவங்க போறவரைக்கும் அம்மா என்னைத் திட்டினது ஏழு ஊட்டுக்குக் கேட்டிருக்கும்.

சாயந்திரம் அப்பா சாயத் தொட்டிக்கிட்ட நின்னு நூலைப் புரட்டிக்கிட்டிருந்தார். முழங்கை வரைக்கும் நீலம்.

"அந்தாளை சேலத்துல எங்க பாப்பீங்கப்பா?"

"கடைவீதியில."

"எந்தக் கடையில?"

நூலைத் தூக்கினார், முக்கினார், மறுபடி தூக்கினார். எனக்கு அவர் வாயிலிருந்து பொய் வந்துருமோன்னு பயமா இருந்துச்சு. பொய் வரலை. "கறிச்சோத்துக் கடையில, சாமி" அப்படின்னார். "உங்கம்மாகிட்டச் சொல்லிராதே."

எத்தனையோ வருசமாத் தனியா ஒரு கடையில முதுகைத் திருப்பி உக்காந்து, அவசர அவசரமாத் தின்னுட்டு, வெத்தலையைப் போட்டு வாயை மறைச்சுக்கிட்டு பஸ் ஏறுன மனுசனை அன்னிக்குத்தான் பாத்தேன். பாவமா இருந்துச்சு.

மறுநாள் அப்பா ராசிபுரம் போனார். அங்க என்ன பேசினார்னு கல்யாணம் முடிஞ்சப்புறம் கைலாசம் சொல்லித்தான் தெரியும். உக்காரக்கூட இல்லையாம். "அந்தம்மா இன்னொண்ணு போடட்டான்னு கேட்டப்ப எதுக்குச் செரின்னே, சாமி?" அப்படின்னாராம்.

"பசிச்சுதுங்க மாமா. நல்லாவும் இருந்துச்சு."

"எனக்கும் அதேதான், சாமி" அப்படின்னு சொல்லிட்டு, துண்டால மூஞ்சியைத் தொடைச்சுக்கிட்டாராம். "நீ ஒரே நாளுல சொல்லீட்டே. எனக்கு இன்னும் வாய் வரலை. கூடுதுறைக்கு உன்கூட நானும் வாரேன்."

பெரியப்பாவை எப்படியோ பேசிச் சரிக்கட்டி, மாமனும் மருமகனும் சேந்து முழுகினாங்க. மாப்பிள்ளைக்குத் தொணையா முழுகறாருன்னு ஊரே அப்பாவை மெச்சுச்சு.

அப்பா இப்பவும் செவ்வாய்க்கெழமை சேலம் போறார். அன்னிக்கும் வாய் வெறும் வாயாத்தான் வருது, மறைக்க ஒண்ணும் இல்லை. "வயசாச்சுல்ல, மைனரு வெத்தலையை உட்டுட்டாரு" அப்படின்னு அம்மா சிரிக்கறாங்க. கூட நானும் கைலாசமும் சிரிக்கறோம். அப்பா மட்டும் சிரிக்கறதில்லை.